பதினோரு புள்ளி

உங்கள் அறையின் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் வேகமாக ஓடுகிறது. குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பதினேழு வருடம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவனுக்கு எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் கண் தானாகத் தன் மணிக்கட்டுக்குப் போகும். யாரையாவது ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லிச் சரிசெய்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் எழுதித் தாருங்கள் என்று தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு வெளியே போனீர்கள். நல்ல முறைதான். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் முகம் போகிற போக்கில் நம் பேச்சும் வளையும். எனக்கு முகத்தாட்சண்யம் என்பதே ஆகாது. கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'தராசு'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள், ஆனால் எனக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது.

நீங்கள் விசாரிப்பது அக்காவின் மேல்முறையீட்டை. என் கூடப்பிறந்த அக்கா இல்லை. பக்கத்து மேசையில் போன் எடுத்தவர். அறையில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட வயதில் மூத்தவர்களுக்கும். பதினான்கு மாதத்துக்கு முன்பு ஓர் அழைப்பில் விதியை மீறி வண்டியை அனுப்பிக் குழப்பம் உண்டாக்கினார், அந்தக் குழப்பத்தில் ஒரு பெண் இறந்தாள் என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்த அறிக்கையை எழுதியவன் நான். இறந்த பெண் என் மகள்.

முதலில் அட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மற்றது புரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அட்டை என்று ஒன்று கிடையாது. போனை எடுப்பவர் குரலைக் கேட்டு முடிவு செய்வார். உரக்க அழுதவருக்கு வண்டி முதலில் போகும். ஒருநாள் ஒரே நேரத்தில் எனக்கு இரண்டு அழைப்பு வந்தது. கையில் இருந்ததோ ஒரு வண்டி. ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார். அவருடைய மாமியார் மாடிப்படியில் வழுக்கிவிட்டாராம். இன்னொரு அம்மா, வீட்டுக்காரருக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று, பால் பாக்கெட் வரவில்லை என்று சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். நான் கத்தியவருக்கு அனுப்பினேன். மாமியாருக்குக் கணுக்காலில் சுளுக்கு. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் போய்விட்டார். மூன்றாம் நாள் அந்த அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போட வருகிறார் என்று பயந்தேன். "நான் இன்னும் சத்தமா அழுதிருக்கணுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு ஒரு மருத்துவரோடு எட்டு மாதம் உட்கார்ந்து அட்டையைத் தயாரித்தேன். ஏழு கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் இத்தனை புள்ளி. பதிமூன்றும் அதற்கு மேலும் சிவப்பு. அருகில் எந்த வண்டி இருக்கிறதோ அது அந்த நொடியே கிளம்பும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மஞ்சள், வரிசையில் போகும். ஒரு பகுதியில் ஒரே ஒரு வண்டிதான் மிச்சம் என்றால் அதை மஞ்சளுக்குத் தொடக்கூடாது. அடுத்த பகுதியிலிருந்துதான் வர வேண்டும். கடைசி வண்டி சிவப்புக்காக நிற்கும். அழுகிறவர், மிரட்டுகிறவர், அமைச்சரைத் தெரியும் என்கிறவர், வாய் திக்குகிறவர் எல்லோரும் அட்டைக்கு முன்னால் ஒன்றுதான். வண்டி வராமல் செத்தவர்கள் குறைந்தார்கள். அட்டை நல்ல அட்டை. இன்றைக்கும் அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அக்கா அட்டையை மீறியவர் இல்லை. ஏழு கேள்வியையும் வரிசை தவறாமல் கேட்பார். ஆனால் நடுநடுவே "பயப்படாத கண்ணு", "நான் லைன்லயேதான் இருக்கேன்பா" என்று சேர்த்துக்கொள்வார். அழைத்தவர்கள் மறுநாள் அவரிடம்தான் பேச வேண்டும் என்று போன் செய்வார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஆண்டு மதிப்பீட்டில் 'நடுநிலை' என்ற தலைப்பில் இரண்டு வருடம் தொடர்ந்து அவருக்குப் பத்துக்கு நாலு போட்டேன்.

"என்ன தம்பி, நாலுதானா?" என்றார்.

"குரலைக் கேட்டு இளகிடறீங்க. அது ஆகாது."

"காதுன்னு ஒண்ணு இருந்தா இளகத்தானே செய்யும்" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அவருக்கு மட்டும் கறாராக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள் பத்தாவது படித்தபோது அவள் பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்தார்கள். மற்ற இரண்டு நடுவர்கள் அவளுக்கு முதலிடம் கொடுத்தார்கள். என் மதிப்பெண்ணால் அவள் நாலாவதாகப் போனாள். அவள் நன்றாகத்தான் பேசினாள். அப்பாவே தூக்கிக் கொடுத்துவிட்டார் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று மூன்று மதிப்பெண் குறைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "அம்மாகிட்ட சொல்லிடாதப்பா, உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா" என்றாள். எனக்கு என் மகளை நினைத்து அன்றைக்கு அவ்வளவு பெருமை. என்னைப் பற்றியும்தான்.

எங்கள் அறையில் ஒரு பழைய விதி இருந்தது. சொந்தக்காரர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் கையைத் தூக்கிவிட்டுப் பக்கத்து மேசைக்கு மாற்றிவிட வேண்டும். விதிகளைத் திருத்தும் வேலையை என்னிடம் கொடுத்தபோது அந்த வரியை அடித்தேன். அது என்னை அவமானப்படுத்துவதாகத் தோன்றியது. நடுநிலை தெரிந்தவனுக்குச் சொந்தம் என்ன, அந்நியம் என்ன. அக்கா ஒருவர்தான், "அது இருந்துட்டுப் போகட்டுமே தம்பி" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு ஆறு மாதம் கழித்து என் வீட்டிலிருந்து போன் வந்தது.

செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு பத்து. சாப்பாட்டு நேரத்தில் ஆள் குறைந்தால் பொறுப்பாளரான நானும் ஒரு மேசையில் உட்காருவது வழக்கம். எட்டு மேசையில் நான்கு பேர் இருந்தோம். திரையில் என் மனைவியின் எண் வந்தது.

"நான்தாங்க" என்றாள்.

"நோயாளிக்கு என்ன வயசும்மா?" என்றேன்.

அழைப்பின் ஒலிப்பதிவில் இந்த இடத்தில் இரண்டு விநாடி மௌனம் இருக்கும். என் மனைவி புத்திசாலி. சாப்பிடும்போதெல்லாம் நான் புலம்பியதை வருடக்கணக்காகக் கேட்டவள்: ஊதிப் பெரிதாக்கிச் சொல்கிறவர்களால்தான் மற்றவன் சாகிறான், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். அவள் புரிந்துகொண்டாள்.

"பதினாறு சார்" என்றாள்.

பதினெட்டுக்குக் கீழ், இரண்டு புள்ளி. ஆஸ்துமா உண்டு, சின்ன வயதிலிருந்தே, இரண்டு. இழுக்கிற மருந்தை இரண்டு தடவை கொடுத்தாயிற்று, கேட்கவில்லை, நான்கு. மூச்சு விட சிரமமாக இருக்கிறதா என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். அதற்கு மூன்று. மற்றக் கேள்விகளுக்கு இல்லை, இல்லை, இல்லை. கூட்டினால் பதினொன்று. மஞ்சள்.

எங்கள் பகுதியில் அப்போது ஒரே வண்டி. கடைசி வண்டி. அது என் வீட்டிலிருந்து ஆறு நிமிடத் தொலைவில் நின்றது. அடுத்த பகுதி வண்டி வர முப்பத்தைந்து நிமிடம்.

அக்கா என் வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறார். நான் முகவரியைத் திருப்பிச் சொன்னதைக் கேட்டதும் நாற்காலியோடு திரும்பினார். "தம்பி, அது நம்ம பாப்பாவா? என்கிட்ட மாத்துங்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். என் மனைவியிடம், "வண்டி வருதும்மா. அதுவரைக்கும் நோயாளியை நகர்த்த வேண்டாம். உட்கார்ந்த மாதிரியே இருக்கட்டும்" என்றேன். மஞ்சளுக்கு அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. "சரிங்க சார்" என்று வைத்தாள். எதிர்வீட்டுக்காரரிடம் கார் இருந்தது. அன்றைக்கு அவர் வீட்டில்தான் இருந்தார். நகர்த்த வேண்டாம் என்று நான் சொன்னதால் என் மனைவி அவர் கதவைத் தட்டவில்லை.

அக்கா எனக்குத் தெரியாமல் எதையும் செய்யவில்லை. என் கண்ணெதிரே, என்னைப் பார்த்துக்கொண்டே கடைசி வண்டியை அனுப்பினார். இரண்டு பதிமூன்று. நான் மைக்கை எடுத்து ஓட்டுநரைக் கூப்பிட்டேன்.

"திரும்பி வாங்க. அது மஞ்சள்."

"ரெண்டு தெரு தாண்டிட்டேன் சார். போயிட்டு வந்துடறேனே."

"திரும்புங்க."

இரண்டு பதினேழுக்கு வண்டி பழைய இடத்தில் வந்து நின்றது. இரண்டு முப்பத்தொன்றுக்கு என் மனைவி மறுபடி அழைத்தாள். அந்த அழைப்பு அக்காவுக்குப் போனது. மகளுக்குப் பேச்சு வரவில்லை, உதடு நீலமாகிவிட்டது என்றாள். அக்கா சிவப்பு போட்டார். அதே வண்டி இரண்டு முப்பத்தேழுக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டியில் போனவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அறிக்கை எழுதினேன். விதிக்குப் புறம்பாக வண்டியை எடுத்ததாலும், அதைத் திரும்ப அழைக்க நேர்ந்ததாலும் அறையில் குழப்பம் ஏற்பட்டு நேரம் வீணானது என்று எழுதினேன். பொய்யான வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. நீங்கள் படித்துப் பாருங்கள், ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக உண்மை. விசாரணைக் குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற மகள் செத்துக் கிடக்கும்போதும் தராசை ஆட்டாமல் பிடித்தவர் என்றார். அக்காவை நீக்கினார்கள். என்னைப் பயிற்சிப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள்.

பயிற்சி வகுப்பில் அந்த முதல் அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஆமாம், நான்தான் தேர்ந்தெடுத்தேன். யாரும் சொல்லவில்லை. அழைத்தவர் யார் என்று முதலில் சொல்ல மாட்டேன். பதிவு முடிந்ததும் சொல்வேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தேநீர் இடைவேளையில் வந்து, உங்களை மாதிரி ஆகணும் சார் என்பார்கள். எட்டு வகுப்பு, எட்டு முறை.

இன்னொன்றும் உண்டு. நாற்பத்தோராவது விநாடியில், என் மனைவியின் குரலுக்குப் பின்னால், என் மகள் குரல் கேட்கும். "அம்மா, ஜன்னல்" என்பாள். ஜன்னலைத் திறக்கச் சொல்கிறாள். அவள் கடைசியாகப் பேசி என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வார்த்தைதான். அதைக் கேட்கத்தான் வகுப்பு எடுத்தேனோ என்று சில நாள் தோன்றும். எனக்கு அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டாமல் கூடம் முழுக்கச் சொட்டவிட்டு நடப்பாள். அதற்காக அவளைத் திட்டியிருக்கிறேன். இப்போது எங்கள் கூடம் எந்த நேரமும் காய்ந்தே கிடக்கிறது.

போன வாரம் ஒன்பதாவது வகுப்பு. அதில் நாற்பது வயது தாண்டிய ஓர் அம்மா இருந்தார், முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பதிவு முடிந்து, அழைத்தவர் யார் என்று நான் சொன்னதும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் சார். 'கொஞ்சம்'னு சொன்னா நோயாளியை ஒண்ணுலேர்ந்து எண்ணச் சொல்லணும்னு கீழே போட்டிருக்கே. இதுல அதைக் கேட்கவே இல்லையே?"

அட்டையின் அடியில் அப்படி ஒரு வரி உண்டு. நான்தான் சேர்த்தேன். கால் முறிந்தவரும் கொஞ்சம் வலிக்கிறது என்பார், கால் இடறியவரும் அதையே சொல்வார். அதனால் மூச்சுத் திணறலுக்கு 'கொஞ்சம்' என்று பதில் வந்தால் நோயாளியைச் சத்தமாக எண்ணச் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் ஐந்தைத் தாண்ட முடியாவிட்டால் இன்னும் நான்கு புள்ளி. பதினொன்றும் நான்கும் பதினைந்து.

"நேரமில்லை" என்றேன்.

"அஞ்சு வரைக்கும் எண்ண எவ்வளவு நேரம் சார் ஆகும்?" என்றார். எதிர்த்துக் கேட்கவில்லை, கற்றுக்கொள்ளத்தான் கேட்டார். நான் வகுப்பை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். நேற்று உங்களுக்குப் போன் செய்தேன்.

இனி நேராகவே எழுதிவிடுகிறேன். பூசி மெழுக ஒன்றுமில்லை.

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. அட்டை வந்த நாளிலிருந்து 'கொஞ்சம்' என்று சொன்ன யாரையும் எண்ண வைக்காமல் நான் விட்டதில்லை. அக்கா திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் வீடு என்றதும் தராசு புள்ளி தேடுகிறது என்று அவர்கள் நினைப்பார்கள் என்று பட்டது. அதனால் கேட்கவில்லை.

வண்டியைத் திருப்பினேனே, அது வேறு யாருக்கும் தேவைப்படவில்லை. இரண்டு பதினேழிலிருந்து இரண்டு முப்பத்தொன்று வரை எங்கள் பகுதியில் ஒரு சிவப்பும் வரவில்லை. பதினான்கு நிமிடம் அது சும்மா நின்றது. ஓட்டுநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். என் திரையில் அது ஒரு பச்சைப் புள்ளி. என் வீட்டுக்கும் அதற்கும் நடுவே எத்தனை தெரு என்று எனக்குத் தெரியும். பதினான்கு நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொறுப்பாளர் ஒரு வார்த்தை சொன்னால் கடைசி வண்டி எந்த நிறத்துக்கும் போகலாம். அந்த அதிகாரம் என் கையில் இருந்தது. மற்றவர்களுக்காக மாதத்துக்கு ஒரு தடவையாவது அதைப் பயன்படுத்தியிருக்கிறேன்.

எண்ணச் சொல்ல வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. "அம்மா" என்று சொல்லி ஒரு மூச்சு. "ஜன்னல்" என்று சொல்லி ஒரு மூச்சு. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு இழுப்பவர் எந்த நிறம் என்று வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே யாரும் தெரிந்துகொள்வார்கள். எனக்குக் கேட்டது. சிவப்பு என்று தெரிந்தேதான் பதினொன்று என்று எழுதினேன். ஓரவஞ்சனை என்றால் சொந்தக்காரருக்கு அள்ளிக் கொடுப்பது மட்டும்தான் என்று வாழ்க்கை முழுக்க நினைத்திருந்தேன்.

அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவர் செய்ததுதான் சரி. நடுநிலைக்கு அவருக்கு நான் போட்ட நாலு மட்டும் அப்படியே இருக்கட்டும், அது நியாயமாகப் போட்ட மதிப்பெண். இந்த வரியை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று சொல்லியிருக்கிறீர்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக ஒன்று. இது உங்கள் விசாரணைக்கு வேண்டாததாக இருக்கலாம். அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நம்ம பொண்ணுன்னு நீங்க எதையும் குறைச்சிடல இல்ல? வேற யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் இதேதானே செஞ்சிருப்பீங்க?"

"இதேதான் செஞ்சிருப்பேன்" என்றேன்.

அவள் பிடியை விட்டாள். அதன் பிறகு ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொந்தபந்தம் யாராவது ஜாடையாகக் கேட்டால், "அவருக்கு எல்லாரும் ஒண்ணுதான், என்ன செய்ய" என்று எனக்காகப் பரிந்து பேசுகிறாள். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் பதினான்கு மாதமாக எழுந்திருக்கிறாள், சமைக்கிறாள், என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொல்ல வேண்டும், வேறு யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் வண்டி போயிருக்கும் என்று.